இரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்டவர் உடல் தேறுவதற்கு ஸ்டீரொய்ட் ஊசி போடலாமா?

கேள்வி: படுவான்கரையான்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 28. படுவான்கரையில் வயல் செய்கின்ற குடும்பம் எங்களுடையது. 2018 ஆம் ஆண்டு எனக்கு லிம்ஃபோபிளாஸ்டிக் லியூக்கீமியா என்னும் இரத்தப் புற்றுநோய் இருப்பதாகக் கண்டறிந்து மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலையில் வைத்தியம் செய்தார்கள். முதல் எட்டு மாதங்கள் ஊசியும் வாட்டுமாகக் கழிந்தன. பின்னர் வீட்டிலிருந்தபடியே மாத்திரைகளோடு பராமரிப்புச் சிகிச்சை தொடர்ந்து, 2021 இன் கடைசியில் எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்குக் குருதிப் பரிசோதனைக்காகப் போய் வருகிறேன். கடந்த முறை ஹீமோகுளோபின் 13.4 என்று வந்தது. மற்றவையும் நன்றாகவே இருந்தன.

உடல் தேறவில்லை என்பதுதான் என் குறை. நோய் வருவதற்கு முன்னர் 50 கிலோ உர மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு வரம்பால் நடந்தவன் நான். சென்ற பெரும்போக வெட்டின்போது நெல் மூட்டையொன்றை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றப் போய், முழங்கால் மடிந்து மூட்டையோடு குந்திவிட்டேன். அக்காவின் மகன், பதினாறு வயதுப் பையன், ஒன்றும் பேசாமல் வந்து மூட்டையின் மறுமுனையைப் பிடித்தான். அடுத்த கிழமையே உடற்பயிற்சிக் கூடமொன்றில் சேர்ந்தேன். ஏழு மாதம் விடாமல் போயும் 54 கிலோ 56 கிலோவாகியிருக்கிறதே தவிர வேறு மாற்றம் கண்ணுக்குத் தெரியவில்லை.

அங்கு பயிற்சி தருபவர், 12 வாரம் ஊசி போட்டால் உடம்பு பழைய நிலைக்கு வந்துவிடும் என்கிறார். ஒன்று ஆண் ஓமோனாகிய டெஸ்டொஸ்டிரோன், மற்றையது அதைப் போன்ற, டெக்கா என்று அவர்கள் சொல்லும் நன்ட்ரொலோன். முதற்குப்பியைக் காசு வாங்காமலே தந்துவிட்டார். பத்திரிகைத் துண்டில் சுற்றி, அலுமாரியில், என் பழைய கிளினிக் கொப்பியின் மேல் வைத்திருக்கிறேன். “கீமோவோடு கை நிறைய ஸ்டீரொய்ட் குடித்தவன்தானே நீ, அதைத் தாங்கிய உடம்புக்கு இது எம்மாத்திரம்?” என்று அவர் கேட்டது எனக்கும் நியாயமாகவே படுகிறது. பிரெட்னிசொலோனும் டெக்சமெதசோனும் நான் குடித்த கணக்குக்கு அளவேயில்லை. வீட்டில் கலியாணப் பேச்சும் தொடங்கியிருக்கிறது. கிளினிக்கில் கேட்டால், உயிர் பிழைத்ததே பெரிது என்று சொல்லி அனுப்பிவிடுவார்களோ என்ற கூச்சத்தினால் இங்கே கேட்கிறேன்.

பதில்: கல்லடிக் கரளாக்கட்டை

தம்பி, நானும் பயிற்சி கொடுப்பவன்தான். புற்றுநோய் எதுவும் வராத உடம்போடு இரண்டு ஆண்டுகள் இதே ஊசிகளைப் போட்டவன். முதல் ஐந்து வாரத்தில் சட்டைக்கை இறுகும்போது வரும் சந்தோஷத்தை நான் மறுக்கவில்லை. இரண்டாம் ஆண்டில் முகம் எப்போதும் சிவந்து, தலை கனத்துக்கொண்டே இருந்தது. குருதி அழுத்தம் 160 க்கு 100 காட்டியது. குருதியில் செங்கலங்களின் பங்கைக் காட்டும் பீ.சீ.வீ. 56 ஆகியிருந்தது. அறிக்கையைப் பார்த்த வைத்தியர், இரத்தம் பாகு போலாகிவிட்டது என்று சொல்லி அன்றே எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். அதைவிடப் பெரிய அடி, பிள்ளைக்காகக் காத்திருந்தபோது வந்தது. விந்துப் பரிசோதனையில் ஓர் உயிரணுகூட இல்லை. வெளியிலிருந்து ஓமோன் வருவதைக் கண்ட மூளை, விதைகளுக்குக் கொடுக்கும் கட்டளையை நிறுத்திவிடுகிறது, விதைகளும் சுருங்கிவிடுகின்றன. எனக்கு அது வழமைக்குத் திரும்ப ஒன்றே கால் வருடம் எடுத்தது. நிறுத்திய முதற்சில மாதங்களில் இருந்த சோர்வையும் எரிச்சலையும் என் மனைவியிடம்தான் கேட்க வேண்டும்.

போட்டிகளில் இவை தடை செய்யப்பட்டவை என்பதும், இலங்கையில் அதற்கென 2013 இன் 33 ஆம் இலக்கச் சட்டம் இருப்பதும் உங்களுக்கு முக்கியமல்ல. நீங்கள் போட்டிக்குப் போகவில்லை. ஆனால் அந்தக் குப்பி எங்கிருந்து வந்தது என்பது முக்கியம். நான் வாங்கிய குப்பிகளில் ஒன்றின் பெட்டியிலும் குப்பியிலும் இருந்த தொகுதி இலக்கங்கள் வெவ்வேறாக இருந்தன. றப்பர் மூடியின் விளிம்பில் எண்ணெய் கசிந்து காய்ந்திருந்தது. அதையும் போட்டேன், பிட்டத்தில் சீழ்க்கட்டி வந்து கீற வேண்டியதாயிற்று. உங்கள் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் கேட்கிறேன்: ஏழு மாதமாக என்ன சாப்பிடுகிறீர்கள்? 56 கிலோ உடம்பு தசை வைக்க வேண்டுமானால் நாளொன்றுக்கு 70 முதல் 85 கிராம் வரை புரதம் வேண்டும். காலையில் பிட்டும் சம்பலும், மத்தியானம் ஒரு கோப்பைச் சோறும் ஒரு துண்டு மீனும் என்றால் அதில் பாதிகூடத் தேறாது.

பதில்: காரைதீவுக் கடலோரம்

எல்லோரும் பயமுறுத்துவதால் மறுபக்கத்தையும் சொல்ல விரும்புகிறேன். நன்ட்ரொலோன் ஒன்றும் கள்ளச்சரக்காகப் பிறந்த மருந்தல்ல. சிறுநீரக நோயாளருக்கு இரத்தம் ஊறுவதற்கும், மெலிந்து போனவர்களுக்கு உடல் தேறுவதற்கும் வைத்தியர்களே அதை எழுதிக் கொடுத்த காலம் இருந்தது. டெஸ்டொஸ்டிரோனை இன்றும் கொடுக்கிறார்கள். நோயிலிருந்து மீண்ட ஒருவர் அதைக் கேட்பதில் என்ன குற்றம் இருக்கிறது?

பதில்: வாட்டுத் தாதி

காரைதீவு அன்பர் சொல்வது உண்மைதான். கேட்பதில் குற்றமே இல்லை. யாரிடம் கேட்கிறோம், எந்த அளவில் போடுகிறோம் என்பதில்தான் சிக்கல். புற்றுநோய் வாட்டில் பல ஆண்டுகள் வேலை செய்தவள் என்பதால் சற்று நீளமாக எழுதுகிறேன், தம்பி பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், வெளுத்ததெல்லாம் பாலாகாது. நீங்கள் குடித்த பிரெட்னிசொலோனும் இந்த ஊசியும் ஸ்டீரொய்ட் என்ற பெயரைப் பகிர்ந்துகொள்கின்றனவே தவிர, செய்யும் வேலை நேரெதிரானது. முன்னையது சிறுநீரகத்தின் மேல் இருக்கும் சுரப்பியின் ஓமோனைப் போன்றது. உங்கள் நோய்க்குக் காரணமான வெண்குருதிக் கலங்களை அது கொல்லும், அதனால்தான் கொடுத்தோம். ஆனால் தசையையும் அது கரைக்கும், குறிப்பாகத் தொடையை. மூட்டையோடு குந்தியெழ முடியாமற்போனதற்கு ஒரு காரணம் அங்கே இருக்கக்கூடும். இந்நோய்க்குக் கீமோவில் போடும் வின்கிரிஸ்டின் ஊசி கால் நரம்புகளைப் பாதிப்பது இன்னொரு காரணம். நரம்பின் குறையைத் தசையூட்டும் ஊசி தீர்க்காது. ஆகவே, அதைத் தாங்கிய உடம்பு இதையும் தாங்கும் என்ற பேச்சு தவறு. உங்கள் உடம்பு அதைத் தாங்கவில்லை. விலை கொடுத்துக் கடந்திருக்கிறது.

என் உண்மையான கவலை உங்கள் இதயம். சிவப்பு நிறத்தில் ஒரு மருந்து ஏற்றியது நினைவிருக்கிறதா, ஏற்றிய அன்று சிறுநீரும் சிவந்து போகுமே? டோனோரூபிசின் அல்லது டொக்சோரூபிசின் ஆகத்தான் இருக்கும். அது இதயத் தசையில் விட்டுச் செல்லும் காயம் ஏற்றிய மொத்த அளவோடு கூடிக்கொண்டு போவது. பத்து, இருபது ஆண்டுகள் கழித்துக்கூட இதயம் தளர்ந்து வெளிப்படலாம். உடற்பரப்பின் சதுர மீற்றருக்கு மொத்தம் 250 மில்லிகிராமும் அதற்கு மேலும் பெற்றவர்களை அதிக ஆபத்துள்ளவர்களாகக் கருதி நாங்கள் கண்காணிக்கிறோம். கூடங்களில் போடும் அளவிலான ஊசி இதே இதயத்தின் இடது இதயவறைச் சுவரைத் தடிக்கச் செய்யும், நல்ல கொலஸ்திரோலைக் கீழே தள்ளும், அழுத்தத்தைக் கூட்டும். கல்லடி அன்பரின் இதயம் புதிய இதயம், அதனால் அவர் திரும்பி வந்தார். மகரகமவில் தந்த சிகிச்சைச் சுருக்கத்தில் சிவப்பு மருந்தின் அளவு எழுதப்பட்டிருக்கும். இதயத்தைப் பார்க்கும் எக்கோ ஸ்கான் கடைசியாக எடுத்தது எப்போது என்பதையும் அதோடு சேர்த்துப் பாருங்கள்.

நோய் திரும்பிவிடும் என்று சொல்லி உங்களைப் பயமுறுத்த மாட்டேன். ஆனால் நாங்கள் உங்களைக் கண்காணிப்பது குருதி எண்களை வைத்துத்தான். ஊசி போட்டால் ஹீமோகுளோபின் 13.4 என்பது 16, 17 ஆக ஏறக்கூடும். கனமான பயிற்சியும், இவ்வகை ஸ்டீரொய்ட்டை வாயால் எடுக்கும் மாத்திரைகளும் ஈரல் நொதியங்களை உயர்த்தும். ஊசி போட்டதை நீங்கள் சொல்லாவிட்டால், அறிக்கையைப் பார்ப்பவர் எதை எதுவென்று பிரிப்பார்? உங்களுக்கு எத்தனையோ தடவை இரத்தம் ஏற்றியிருப்பார்கள், ஈரலில் இரும்பு படிந்திருக்கிறதா என்பதற்கு ஃபெரிட்டின் பார்ப்பதும் நல்லது.

இப்போது செய்யக்கூடியது. கீமோவுக்குப் பின்னர் சிலருக்கு டெஸ்டொஸ்டிரோன் உண்மையாகவே குறைந்துவிடும். காலை ஏழுக்கும் பத்துக்கும் இடையில், வெறும் வயிற்றில், இரண்டு வேறு நாட்களில் அதைப் பார்க்க வேண்டும். அதோடு தைரொய்ட்டும் வைட்டமின் டீயும் பார்க்கலாம். இரண்டு தடவையும் குறைவாக வந்தால் ஓமோன் நிபுணரிடம் அனுப்புவார்கள். அவர் தருவது குறைந்ததை நிரப்பும் அளவு, பீ.சீ.வீ. 54 ஐத் தாண்டினால் நிறுத்துகின்ற கட்டுப்பாட்டோடு. அதிலும் அதிசயத்தை எதிர்பார்க்க வேண்டாம். 2019 இல் வெளிவந்த இங்கிலாந்து ஆய்வொன்றில், புற்றுநோயிலிருந்து மீண்ட, ஓமோன் சற்றுக் குறைந்திருந்த 136 ஆண்களில் ஒரு பகுதியினருக்கு ஆறு மாதம் டெஸ்டொஸ்டிரோன் ஜெல்லும் மற்றவர்களுக்கு வெற்று ஜெல்லும் கொடுத்துப் பார்த்தார்கள். ஓமோன் பெற்றவர்களுக்கு வெற்று ஜெல் பூசியவர்களைவிடச் சராசரியாக ஒன்றரைக் கிலோ தசை கூடுதலாக வந்தது. ஆனால் உடலால் வேலை செய்யும் திறனில் வேறுபாடு இருக்கவில்லை. நீங்கள் ஊசியேயில்லாமல் இரண்டு கிலோ ஏறியிருக்கிறீர்கள்.

கலியாணப் பேச்சு என்றீர்கள். கீமோவில் சைக்ளோபொஸ்பமைட் இருந்திருந்தால் விந்தணு ஏற்கெனவே குறைந்திருக்கக்கூடும். அதைப் பரிசோதிக்குமுன் ஊசியைத் தொட்டால், பின்னால் எது எதனால் வந்தது என்றே தெரியாமற்போகும்.

பதில்: அக்கரைப்பற்று வாசகன்

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் இதே நோயிலிருந்து மீண்டவன். 19 வயதில் வந்தது. தாதி அம்மையார் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொல்கிறேன். டெக்சமெதசோன் இடுப்பு எலும்பின் தலைக்குப் போகும் இரத்தத்தை மறித்து, அந்த எலும்பைச் சாகச் செய்துவிடுவதுண்டு. எனக்கு இடது பக்கம் அப்படியானது. கவட்டில் ஒரு மந்தமான வலி. பள்ளிவாசலில் தொழும்போது, குனிந்து நிற்கும் ருக்கூவிலிருந்து நெற்றியைத் தரையில் வைக்கும் சுஜூதுக்குப் போகும்போது மட்டும் பிடிக்கும். ஆறு மாதம் தைலம் தேய்த்துக்கொண்டு, தோளில் பாரம் வைத்துக் குந்தியெழும் பயிற்சியையும் செய்துகொண்டிருந்தேன். எம்.ஆர்.ஐ. எடுத்தபோது எலும்பின் தலை சப்பையாகத் தொடங்கியிருந்தது. ஊசி போட்டுத் திடீரென்று பலம் வந்திருந்தால் இன்னும் அதிக பாரத்தை ஏற்றியிருப்பேன், எலும்பும் நொறுங்கியிருக்கும். உங்களுக்குக் கவட்டிலோ முழங்காலிலோ அப்படி வலி உண்டா, சகோதரரே?

எனக்கு உதவியது உடற்பயிற்சிச் சிகிச்சைப் பிரிவுதான். ஒன்றரை மாதம் கதிரையிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவதைத் தவிர வேறொன்றும் செய்யவிடவில்லை. எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. வாப்பா தினமும் சட்டித் தயிர் வாங்கி வருவார். உம்மா காலையில் மூன்று முட்டையை முன்னால் வைத்துவிட்டு, முடிக்கும்வரை எழும்பமாட்டார். இரண்டு ஆண்டுகளில் ஒன்பது கிலோ கூடினேன். மூட்டை தூக்குவதில்லை, தூக்கப் போவதுமில்லை. மோட்டார் சைக்கிளைத் தனியாக நிமிர்த்துவேன்.

கேட்டவர்: படுவான்கரையான்

எல்லோருக்கும் நன்றி. இரவு கிளினிக் கொப்பியையும் சிகிச்சைச் சுருக்கத்தையும் எடுத்துப் பார்த்தேன். டோனோரூபிசின், டொக்சோரூபிசின் இரண்டும் அதில் இருக்கின்றன, சைக்ளோபொஸ்பமைட்டும் இருக்கிறது. ஏற்றிய மில்லிகிராம் எழுதியிருக்கிறார்கள். அதைச் சதுர மீற்றர்க் கணக்காக்க எனக்குத் தெரியவில்லை. கடைசி எக்கோ 2020 இல் எடுத்தது. கவட்டில் வலி இல்லை. ஆனால் வலது காலின் பெருவிரல் இன்னும் மரத்துத்தான் கிடக்கிறது, அதை நான் கிளினிக்கில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. பெட்டியிலும் குப்பியிலும் உள்ள இலக்கங்கள் ஒன்றாகவே இருக்கின்றன, ஆனால் காலாவதித் திகதியின்மேல் இன்னொரு காகிதம் ஒட்டப்பட்டிருக்கிறது. நகத்தால் சுரண்டியபோது அடியில் பழைய திகதி தெரிந்தது.

அடுத்த கிளினிக்குக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. வாட்டுத் தாதி அக்காவிடம் ஒரு கேள்வி: திகதிக்கு முன்னரே போனால் பார்ப்பார்களா, அந்தக் குப்பியையும் கையோடு கொண்டு போகலாமா?

பதில்: வாட்டுத் தாதி

பார்ப்பார்கள். கொப்பியோடு காலை ஏழு மணிக்கெல்லாம் வந்து, கால் விரல் மரத்திருக்கிறது, எக்கோ எடுத்து ஐந்து ஆண்டுகளாகிறது என்று முதலில் சொல்லுங்கள். சாப்பிடாமல் வாருங்கள், அன்றே குருதி எடுத்துவிடலாம். குப்பியையும் கொண்டு வாருங்கள்; யாரும் ஏச மாட்டார்கள்.