எஃப்.எம்.எம். சிஸ்டர்களுடன் பழகியவர்கள் எழுதுங்கள்: மூவரின் பதில்கள்

எஃப்.எம்.எம். (பிரான்சிஸ்கன் மிஷனரீஸ் ஆஃப் மேரி) என்ற கத்தோலிக்கப் பெண் துறவியர் சபையைத் தெரியாதவர்களுக்கும் சென்னை ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரி தெரிந்திருக்கும். 1947 ஆகஸ்ட் 15 அன்று இவர்கள் தொடங்கியது. நான் அங்கே படித்தவள். ஹாஸ்டலில் எங்களைப் பார்த்துக்கொண்ட வயதான சிஸ்டர் ஒருவருக்குச் சபையின் கதையைச் சொல்ல அலுக்கவே அலுக்காது. “வெள்ளைக்காரங்க சபைன்னு நினைக்காதீங்கம்மா, இது நம்ம ஊட்டியில உருவானது” என்பார்.

நிஜம்தான். பிரான்சின் நாந்து நகரில் 1839-ல் பிறந்த ஹெலன் தெ ஷப்போத்தான் என்பவர்தான் இதை நிறுவியவர். முதலில் வேறொரு சபையின் துறவியாக 1865-ல் மதுரை மறைமாவட்டப் பகுதிக்கு வந்தார். அந்தச் சபைக்குள் பிணக்கு முற்றி, 1876-ல் ஹெலன் உட்பட இருபது பேர் விலகி ஊட்டியில் சேர்ந்தார்கள். அந்த நாளில் சபையை விட்டு வெளியே வந்த பெண்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். ஹெலன் ரோமுக்கே போய் நின்றார். 1877 ஜனவரி 6 அன்று போப் ஒன்பதாம் பயஸ் புதிய சபைக்கு அனுமதி தந்தார். 1904-ல் ஹெலன் இறந்தபோது 24 நாடுகளில் 2,000-க்கும் மேற்பட்ட சகோதரிகள் இருந்தார்கள். தொலைபேசிகூடப் பரவாத காலத்தில் இந்த வளர்ச்சி எனக்கு இன்னும் பிரமிப்புதான்.

*

நான் கிறிஸ்தவன் இல்லை. வேலை விஷயமாக மொராக்கோ போனபோது, அட்லஸ் மலைப்பகுதியில் இருக்கும் மிதெல்த் என்ற ஊரில் இவர்களைப் பார்த்தேன். உள்ளூர்ப் பெண்களுக்கான எம்பிராய்டரி, கம்பளப் பட்டறை ஒன்று அங்கே இவர்கள் பெயரால் அறியப்படுகிறது. சுற்றிலும் முஸ்லிம் மக்கள். மதம் மாற்றும் பேச்சே கிடையாது.

நான் ஒரு மேஜை விரிப்பை எடுத்துப் பார்த்தேன். சிஸ்டர் அதை வாங்கித் திருப்பி, பின்பக்கத்தைக் காட்டினார். ஒரு முடிச்சு தெரியவில்லை, ஒரு நூல் தொங்கவில்லை. எந்தப் பக்கம் முன், எந்தப் பக்கம் பின் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தைத்த பெண்ணின் பெயரைச் சொல்லி, இது அவருடைய வேலை என்றார்.

அந்த வீட்டில் இருந்த சிஸ்டர்கள் வெவ்வேறு நாட்டுக்காரர்கள். பல நாட்டவர் ஒரே கூரையின் கீழ் வாழ வேண்டும் என்பது சபையின் ஆரம்ப கால எண்ணமாம். அதைச் சொல்வது சுலபம், சாப்பாட்டிலிருந்து மொழி வரை தினமும் விட்டுக்கொடுத்து வாழ்வது லேசு இல்லை. 70-க்கும் மேற்பட்ட நாடுகளில் இவர்கள் இன்று நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

*

என் அத்தை இந்தச் சபையில்தான் இருக்கிறார். அவர் சேரும்போது தாத்தா லேசில் சம்மதிக்கவில்லை. யாரோ அவரிடம் சீனக் கதையைச் சொல்லிவிட்டார்கள். 1900 ஜூலை 9 அன்று, வெளிநாட்டவருக்கும் கிறிஸ்தவர்களுக்கும் எதிராக அங்கே வெடித்த பாக்ஸர் கலகத்தின்போது, தையுவான் நகரில் இந்தச் சபையின் ஏழு சகோதரிகள் கொல்லப்பட்டார்கள். அங்கே போய்ச் சேர்ந்து ஒரு வருஷத்துக்கு மேல் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. தப்பிப் போகச் சொல்லியும் போகவில்லை. 2000-ல் அவர்களுக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள்.

“பெண்ணை எங்கே அனுப்புவார்களோ” என்று தாத்தா பயந்தார். அத்தை அதே கதையின் மீதியைச் சொன்னாராம்: அந்தச் சம்பவத்துக்குப் பிறகும் சீனாவுக்கு என்னை அனுப்புங்கள் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். இத்தாலியின் அசுந்தா பல்லோத்தா 1904-ல் போனார். அடுத்த வருஷமே டைபஸ் காய்ச்சலில் இறந்தார், வயது 26. தாத்தாவுக்கு இது ஆறுதலாக இருந்திருக்காது. ஆனால் மகளின் மனசு அவருக்குப் புரிந்துவிட்டது.

இப்போது ஐரோப்பாவில் புதிதாகச் சேர்பவர்கள் குறைவு. ஒரு காலத்தில் அங்கிருந்து இங்கே வந்தார்கள், இன்று இங்கிருந்து போகிறார்கள். அத்தைக்கு நடமாட்டம் குறைந்துவிட்டது. ஆப்பிரிக்காவுக்குப் போகத் தயாராகும் ஓர் இளம் சிஸ்டருக்குத் தினமும் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறார். போனில் பேசினால் தன் முழங்கால் வலியைவிட அந்தப் பெண்ணின் உச்சரிப்பைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்.