தொட்டாற்சிணுங்கி மின்துடிப்பு: இலைக்காம்பு அசைவால் வரும் கோளாறுக்கு வழி வேண்டும்

பிளஸ் டூ செய்முறைக்காக, தொட்டாற்சிணுங்கியின் இலைக்காம்பில் ஓடும் மின்துடிப்பைப் பதிவு செய்யும் அமைப்பு இது. செடி இயற்பியல் தெரிந்தவர்கள் உதவுங்கள்.

வெள்ளிக் கம்பியைத் துணி வெளுக்கும் பிளீச்சில் கருஞ்சாம்பல் நிறம் வரும்வரை ஊறவைத்து, நுனியில் பொட்டாசியம் குளோரைடு கலந்த அகர் (கடற்பாசிக் கூழ்) தடவி, காம்பின் நடுவில் ஒட்டியிருக்கிறோம். ஒப்பீட்டுக்கான மற்றொரு மின்முனை ஈரமான தொட்டி மண்ணில். சாதாரண மல்டிமீட்டர் இங்கே ஒத்துவராது. அதன் 10 மெகாஓம் உள்ளீட்டு மின்தடை செடிக்குப் போதாது. அதனால் ஐஎன்ஏ128 பெருக்கி, பிறகு அளவீட்டைக் கணினிக்கு அனுப்பும் ஆர்டுயினோ பலகை. 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இரைச்சல், லேப்டாப் சார்ஜரைக் கழற்றியதும் பெருமளவு அடங்கிவிட்டது.

சிற்றிலை நுனியில் ஐஸ் தண்ணீர் ஒரு சொட்டு விட்டால் துடிப்பு வருகிறது. ஆனால் அது காம்பின் அடியிலுள்ள புடைப்பை (pulvinus) எட்டியதும் பொட்டாசியம் வெளியேறி, கூடவே நீரும் வெளியேற, காம்பு சரிந்து கம்பியை இழுக்கிறது. திரையில் தெரியும் மேட்டில் செடியின் பங்கு எவ்வளவு, இழுப்பின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை. (தீக்குச்சியால் சுடச் சொல்லாதீர்கள். அது காயத்தால் எழும் வேறு வகை மின் அலை, வேறு கதை.)

காம்பைக் குச்சியில் கட்டினால் அந்தத் தொடுகையே இலையை மடக்கிவிடுகிறது. மறுபடி விரிய 15 நிமிடத்துக்கு மேல் ஆகிறது. கட்டிவிட்டு விரியும்வரை காத்திருந்து அளந்தால் துடிப்பு நம்பகமாக இருக்குமா? கம்பிக்குப் பதில் உப்புநீரில் நனைத்த பருத்தி நூல் திரியை யாராவது பயன்படுத்தியிருக்கிறீர்களா? திரி காயாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?