பெப்டைடு ஹார்மோன்கள் மருந்தாகிவிட்டன. நுண்ணுயிர்க்கொல்லிப் பெப்டைடுகள் ஏன் இன்னும் ஆகவில்லை? (புனைபெயர்களில் நால்வர் எழுதிய விவாதம்)

ஈரிழை:

பெப்டைடு என்பது அமினோ அமிலங்களின் சிறு சங்கிலி. குடலில் இயற்கையாகச் சுரந்து இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் ஜிஎல்பி-1 என்ற பெப்டைடு ஹார்மோன் இரத்தத்தில் கலந்த ஏறத்தாழ இரண்டே நிமிடங்களில் பாதியாகக் குறைந்துவிடுகிறது. டிபிபி-4 என்ற நொதி அதன் முனையில் உள்ள இரண்டு அமினோ அமிலங்களை வெட்டிவிடுவதே இதற்குக் காரணம். இவ்வளவு விரைவில் அழியும் ஒன்று மருந்தாகும் என்று தொடக்கத்தில் நம்பியவர்கள் குறைவு. ஆனால் கீலா மான்ஸ்டர் என்னும் நச்சுப் பல்லியிடம் கிடைத்த, ஜிஎல்பி-1 போலவே செயல்படும் எக்சென்டின்-4, 2005இல் எக்சனடைடு என்ற மருந்தாக வந்தது. 2017இல் வந்த, ஜிஎல்பி-1இன் மாற்று வடிவமான செமாகுளுடைடில், நொதி வெட்டும் இடத்தில் ஓர் அமினோ அமிலத்தை மாற்றியதோடு, கொழுப்பு அமிலச் சங்கிலி ஒன்றைப் பிணைத்து இரத்தப் புரதமான அல்புமினோடு ஒட்டிக்கொள்ளவும் செய்தார்கள். அதனால் அதன் அரைவாழ்வுக் காலம் ஒரு வாரமாக நீண்டது.

மறுபுறம், பட்டுப்பூச்சி இனத்தைச் சேர்ந்த ஓர் அந்துப்பூச்சியிலிருந்து ஹான்ஸ் போமன் குழுவினர் பாக்டீரியாவைக் கொல்லும் செக்ரோபின் என்ற பெப்டைடைப் பிரித்து 1981இல் வெளியிட்டார்கள். அறுவை செய்து அழுக்குத் தொட்டியில் விடப்பட்ட ஆப்பிரிக்கத் தவளைகளுக்குப் புண் சீழ் பிடிக்காததைக் கவனித்த மைக்கேல் சாஸ்லாஃப், அவற்றின் தோலிலிருந்து மகைனின் என்ற இன்னொரு கிருமிக்கொல்லிப் பெப்டைடை 1987இல் கண்டறிந்தார். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இவ்வகைப் பெப்டைடு எதுவும் மருத்துவர் அன்றாடம் எழுதித்தரும் மருந்தாகவில்லை. நிலைப்புத்தன்மையும் தயாரிப்புச் செலவும்தான் தடை என்பதும், ஹார்மோன் மருந்துகளில் அந்த இரண்டையும் வென்றுவிட்ட நமக்கு இங்கே குறைவாக இருப்பது முதலீடு மட்டுமே என்பதும் என் வாதம்.

நுண்ணோக்கி:

நிலைப்புத்தன்மைதான் தடை என்றால், அந்தத் தடை 1990ஆம் ஆண்டிலேயே விலகியிருக்க வேண்டும். நம் உடலின் நொதிகள் இடக்கை அமினோ அமிலங்களால் ஆன சங்கிலியைத்தான் வெட்டும். செக்ரோபின், மகைனின் ஆகியவற்றின் கண்ணாடிப் பிம்பங்களை, அதாவது முழுவதும் வலக்கை அமினோ அமிலங்களால் ஆன வடிவங்களை, அந்த ஆண்டே ஆய்வகத்தில் செய்து பார்த்துவிட்டார்கள். நொதிகளால் அவற்றை வெட்ட முடியவில்லை. பாக்டீரியாவைக் கொல்லும் திறனோ இயற்கை வடிவத்துக்குச் சற்றும் குறையவில்லை.

அந்த முடிவு சொல்லும் இன்னொரு செய்தியை நீங்கள் கவனிக்க வேண்டும். ஒரு ஹார்மோனைக் கண்ணாடிப் பிம்பமாகச் செய்தால், இடக்கைக் கையுறைக்குள் வலக்கையை நுழைப்பதுபோல அது ஏற்பியில், அதாவது உயிரணுவில் ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் புரதத்தில், பொருந்தாமல் நின்றுவிடும். மகைனினுக்கு அந்தச் சிக்கலே இல்லை, ஏனெனில் அதற்கு ஏற்பியே கிடையாது. நேர்மின்னூட்டம் கொண்ட அந்தச் சங்கிலி, எதிர்மின்னூட்டம் கொண்ட பாக்டீரியாச் சவ்வில் கூட்டமாகப் படிந்து அதைக் கிழிக்கிறது. ஹார்மோன் ஒரு தூதுவன். ஏற்பியைத் தட்டினால் போதும், மீதி வேலையை உயிரணு பெருக்கிச் செய்துகொள்ளும், அதனால் அதற்கு நானோமோலார், சில வேளை பிக்கோமோலார் அளவே போதுமானது. சவ்வைக் கிழிப்பதற்கோ ஒரே ஒரு பாக்டீரியாவின் மேல் பத்து லட்சம் முதல் கோடிக்கணக்கு வரையிலான மூலக்கூறுகள் படிய வேண்டியிருக்கிறது. ஆகவே இது முதலீட்டுச் சிக்கல் அன்று. இரண்டும் பெப்டைடு என்பதைத் தவிர அவற்றின் தொழிலில் ஒற்றுமை எதுவும் இல்லை.

ஈரிழை:

அளவு மிகுதியாகத் தேவைப்படுவது ஒரு மருந்தை வீழ்த்திவிடாது. டாப்டோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து ஒரு வளையக் கொழுப்புப் பெப்டைடு. 2003இல் ஒப்புதல் பெற்று இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. நாளொன்றுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 4 முதல் 6 மில்லிகிராம் என்றால், 60 கிலோ எடையுள்ளவருக்கு 240 முதல் 360 மில்லிகிராம் ஆகிறது. செமாகுளுடைடின் வார அளவு ஒன்றிரண்டு மில்லிகிராம்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் உயிரைக் காக்கும் மருந்தை யாரும் மில்லிகிராம் எண்ணிப் பார்ப்பதில்லை. கோலிஸ்டின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் பெப்டைடுதான். இவற்றைக் கணக்கில் சேர்க்காமல் எதுவும் மருந்தாகவில்லை என்பது போலப் பேசுவது சரியில்லை.

பழைய ஆய்வகம்:

விவாதத்தின் நடுவே ஒரு சிறு குறுக்கீடு. டாப்டோமைசினையும் கோலிஸ்டினையும் நுண்ணுயிர்கள் தனி நொதித் தொடர்களைக் கொண்டு கட்டுகின்றன. தவளையும் மனிதனும் உயிரணுவின் புரதத் தொழிற்கூடமான ரைபோசோமில் செய்யும் பெப்டைடுகளோடு அவற்றை ஒரே கூடையில் போடலாமா என்பது வேறு கேள்வி. நான் சொல்ல வந்தது வேறு.

இத்துறைக் கட்டுரைகளில் தரப்படும் தடுப்பளவு எண்களை, அதாவது பாக்டீரியா வளராமல் தடுக்கத் தேவைப்படும் மிகக் குறைந்த அளவுகளை, நான் எளிதில் நம்புவதில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரே பெப்டைடை, ஒரே பாக்டீரியாவின் மேல், ஒரே வாரத்தில் இருமுறை சோதித்து இரண்டு வேறு விடைகள் கிடைத்து விழித்திருக்கிறேன். 96 குழிகள் கொண்ட தட்டில் பெப்டைடைக் குழிக்குக் குழி குறைத்து ஊற்றி, அதை 37 டிகிரியில் ஓர் இரவு வைத்து, மறுநாள் காலையில் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்போம். கலங்கிய குழியில் பாக்டீரியா வளர்ந்திருக்கிறது, தெளிந்த குழியில் இல்லை. முதல் தட்டில் ஆறாம் குழி வரை தெளிவாக இருந்தது. இரண்டாவதில் நான்காம் குழியிலேயே கலங்கல் தொடங்கிவிட்டது. பாக்டீரியாவையும் குழம்பையும் சந்தேகித்து அலைந்த பிறகுதான் உண்மை தெரிந்தது: இரண்டாம் தட்டு பாலிஸ்டைரீன், முதல் தட்டு பாலிபுரொப்பிலீன். நேர்மின்னூட்டம் மிகுந்த பெப்டைடு பாலிஸ்டைரீன் சுவரில் ஒட்டிக்கொள்ளும். பாக்டீரியாவைச் சந்திக்கும் முன்பே பாதிப் படை சுவரில் காவல் நின்றுவிடுகிறது. அதே தட்டில் மனிதச் சீரத்தை, அதாவது இரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியை, சேர்த்தபோது தெளிந்த குழிகள் ஏறத்தாழ மறைந்தே போயின. உப்பும் சீரப் புரதங்களும் இருக்கும் இடத்தில் செயல்படாத ஒன்றை இரத்தத்தில் செலுத்தி என்ன பயன்?

நுண்ணோக்கி:

நண்பர் ஈரிழை டாப்டோமைசினைச் சான்றாகக் கொண்டுவந்தது எனக்குத்தான் உதவுகிறது. நிமோனியாவுக்கு அதைத் தருவதில்லை. நுரையீரலின் காற்றறைகளை மெழுகியிருக்கும் சர்ஃபாக்டன்ட் என்னும் கொழுப்புப் படலம் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. கோலிஸ்டின் சிறுநீரகத்தைப் பாதிப்பதால் 1970களில் பெரும்பாலும் கைவிடப்பட்டு, வேறு வழியற்ற கிருமிகள் பெருகிய பிறகு மீண்டும் எடுக்கப்பட்ட மருந்து. அந்தக் கடைசி அரணுக்கும் 2015இல் சீனாவிலிருந்து வந்த எம்சிஆர்-1 மரபணு பற்றிய அறிக்கை ஓட்டை காட்டியது. பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் உள்ள எதிர்மின்னூட்டத்தைக் குறைத்துக் கோலிஸ்டினுக்குப் பிடி இல்லாமல் செய்யும் மரபணு அது. ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் பிளாஸ்மிடு என்ற சிறு டிஎன்ஏ வளையத்தில் அமர்ந்திருந்தது என்பதுதான் அச்சத்துக்குக் காரணம்.

மகைனினின் வழித்தோன்றலான பெக்சிகனனைப் பாருங்கள். நீரிழிவு நோயாளிகளின் பாதப் புண்ணுக்குக் களிம்பாகச் செய்து, வாய்வழி தரும் ஆஃப்லாக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லிக்கு நிகரானது என்று காட்டியும் 1999இல் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் ஒப்புதல் கிடைக்கவில்லை. 2016இல் மருந்தில்லாத வெறுங்களிம்போடு ஒப்பிட்ட இறுதிக் கட்டச் சோதனைகளில் வேறுபாடே தெரியவில்லை. இங்கே முதலீடு குறைவு என்று எப்படிச் சொல்வது?

இடைவெளி:

தூதுவன், ஆயுதம் என்று இரண்டு பெட்டி செய்து வைத்திருக்கிறீர்கள். உடல் அந்தப் பெட்டிகளை மதிப்பதாகத் தெரியவில்லை. ஹெப்சிடினை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லீரலில் உருவாகும் 25 அமினோ அமிலப் பெப்டைடு. 2000, 2001ஆம் ஆண்டுகளில் மனித இரத்த வடிகட்டலிலும் சிறுநீரிலும் நுண்ணுயிர்க்கொல்லியாகவே கண்டெடுக்கப்பட்டது. கல்லீரல், கொல்வது என்ற இரண்டையும் சேர்த்தே பெயரும் இட்டார்கள். பிறகு பார்த்தால், உடலின் இரும்புச்சத்தை ஆளும் முதன்மை ஹார்மோன் அதுதான்! உயிரணுவிலிருந்து இரும்பை வெளியேற்றும் ஃபெரோபோர்ட்டினோடு ஹெப்சிடின் பிணைந்து அதை அழியச் செய்கிறது என்பது 2004இல் நிறுவப்பட்டது.

இதற்கு நேர் எதிரான கதை பிஒய்ஒய். வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சொல்லும் குடல் ஹார்மோனாகப் பல பத்தாண்டுகள் அறியப்பட்டது. 2023இல் வெளியான ஆய்வு, குடல் மடிப்புகளில் உள்ள பனெத் உயிரணுக்களும் அதை உருவாக்குகின்றன, 36 அமினோ அமிலங்களும் முழுமையாக உள்ள வடிவம் கேண்டிடா பூஞ்சையின் நோய் விளைவிக்கும் இழை வடிவத்தைத் தாக்குகிறது என்று காட்டியது. முனையில் இரண்டை வெட்டிவிட்டால் அதே சங்கிலி பசியடக்கும் ஹார்மோன். வெட்டுவது யார் தெரியுமா? ஈரிழை முதல் பதிவில் குற்றவாளியாக நிறுத்திய அதே டிபிபி-4.

நுண்ணோக்கி:

பிஒய்ஒய் ஆய்வை ஏற்கிறேன், ஏனெனில் பனெத் உயிரணு அதைக் குறுகிய குழிக்குள் செறிவாகக் கொட்டுகிறது; இடமும் செறிவும் பொருந்துகின்றன. ஆனால் ஆல்ஃபா-எம்எஸ்எச் முதல் அட்ரினோமெடுலின் வரை கண்ணில் பட்ட ஹார்மோன்களையெல்லாம் கிருமிக்கொல்லி என்று எழுதும் போக்கை ஏற்க இயலாது. நேர்மின்னூட்டமும் ஒருபுறம் நீர்வெறுப்பும் கொண்ட எந்தச் சங்கிலியையும் உப்புக் குறைந்த குழம்பில் மைக்ரோமோலார் அளவில் ஊற்றினால் பாக்டீரியா சாகத்தான் செய்யும். இரத்தத்தில் அந்த ஹார்மோன் உலவுவது அதில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு. ஹெப்சிடின் என் பக்கத்துச் சாட்சி. தொற்றின்போது அது கிருமியை நேரே கொல்வதைக் காட்டிலும், இரத்தத்தில் இரும்பைக் குறைத்துப் பட்டினி போடுகிறது. அதாவது ஹார்மோனாக இருந்தே போரிடுகிறது.

ஈரிழை:

சீரத்தைப் பற்றிப் பழைய ஆய்வகம் சொன்னதற்கு என்னிடம் விடையில்லை. முதலீடு மட்டுமே குறை என்ற என் முதல் வாதத்தைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் கோடிக்கணக்கான மூலக்கூறுகள் வேண்டும் என்பது சவ்வைக் கிழிக்கும் வகைக்கு மட்டுமே பொருந்தும். பாலைப் புளிக்கச் செய்யும் பாக்டீரியா உருவாக்கும் நிசின், உணவுப் பதப்பொருளாக நெடுங்காலம் பயன்பட்டு வருகிறது. அது லிப்பிட்-2 என்ற சுவர் கட்டும் மூலக்கூறைப் பற்றிக்கொண்டு நானோமோலார் அளவிலேயே கொல்கிறது. ஏற்பியைத் தேடிப் பிடிக்கும் ஹார்மோனின் வழி அல்லவா இது? அசினெட்டோபாக்டர் என்ற பாக்டீரியாவின் வெளிச்சவ்வுக்குக் கொழுப்புச் சர்க்கரையை ஏற்றிச் செல்லும் பாலத்தை அடைக்கும் சோசுரபல்பின் என்ற வளையப் பெப்டைடு பற்றி 2024இல் வெளிவந்த ஆய்வும் அதே திசையில்தான் செல்கிறது. குறி ஒன்று, அளவு சிறிது.

நுண்ணோக்கி:

குறி ஒன்றாக இருந்தால் நச்சும் குறையும் என்று எண்ண வேண்டாம். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவின் ஒரே ஒரு வெளிச்சவ்வுப் புரதத்தைக் குறிவைத்த முரெபவடின் என்ற பெப்டைடு மருந்து, சிறுநீரகப் பாதிப்பு எதிர்பார்த்ததைவிட மிகுந்ததால் 2019இல் இறுதிக் கட்டச் சோதனையிலேயே நிறுத்தப்பட்டது. மேலும், குறி ஒன்று என்றால் ஒரு மரபணு மாற்றத்திலேயே கிருமி தப்பிக்கவும் கூடும். பல இடங்களில் தாக்கும் பெப்டைடுக்கு எதிர்ப்பு உருவாகாது என்ற பழைய நம்பிக்கையும் நிலைக்கவில்லை: 2006இல் வெளியான சோதனையில் ஈ.கோலையும் ஒரு சூடோமோனாசும் 600, 700 தலைமுறைகளுக்குள் பெக்சிகனனைத் தாங்கப் பழகிவிட்டன. அந்த ஆய்வின் ஆசிரியர்களில் ஒருவர் சாஸ்லாஃபே. 2012இல் இன்னொரு குழு, பெக்சிகனனுக்குப் பழகிய ஸ்டஃபிலோகாக்கஸ் நம் வெள்ளணுக்களின் சொந்தக் கிருமிக்கொல்லிப் பெப்டைடான டிஃபென்சினையும் தாங்குவதைக் காட்டியது. மருந்து தோற்றால் இன்னொரு மருந்து தேடலாம். பிறவியிலேயே வந்த பாதுகாப்புக்கு மாற்று எங்கே கிடைக்கும்?

ஈரிழை:

அந்த அச்சம் உண்மையானது, ஆனால் எல்லாப் பெப்டைடுக்கும் ஒரே அளவில் பொருந்தாது. குதிரைலாட நண்டு வகையிலிருந்து வந்த டாக்கிபிளெசின்-2க்கு ஈ.கோலை எளிதில் எதிர்ப்பு வளர்த்துக்கொள்ளவில்லை என்று 2019இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வு காட்டியது. எதிர்ப்பு வளரும் வேகத்தையும் நம் டிஃபென்சின்களைத் தாங்கும் தன்மையையும் முதல் வடிகட்டியாக வைத்து, அதில் தேறியவற்றை மட்டும் மேலே கொண்டுபோக வேண்டும் என்றால் முழுமனதோடு உடன்படுகிறேன். துறையையே மூடிவிட வேண்டும் என்றால் உடன்படவில்லை.

பழைய ஆய்வகம்:

டாக்கிபிளெசின் குடும்பம் நம் சிவப்பணுக்களையும் உடைக்கக்கூடியது. அந்த வடிகட்டியையும் முதல் வரிசையிலேயே வையுங்கள். அதற்கு முன், சோதனைத் தட்டு எந்தப் பிளாஸ்டிக் என்று கட்டுரையின் செய்முறைப் பகுதியில் பார்த்துவிடுங்கள்.