படியூர் பழைய பச்சைக்கல் குழிகள்: வரைபடத்தில் இடம் பிடிக்க உதவி தேவை

வணக்கம். காங்கேயம் பக்கம் படியூரில் 1819, 1820-இல் ஹீத் என்ற ஆங்கிலேயர் பச்சைக்கல் (மரகதம் அல்ல, நீலப்பச்சை நிறப் பெரில் மணிக்கல்) வெட்டியெடுத்தார். அந்தக் குழிகள் இன்று எந்தக் காட்டில் கிடக்கின்றன என்று தேடுகிறேன்.

மைலுக்கு ஓர் அங்குலம் அளவில் வந்த பழைய சர்வே வரைபடத்தை க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றி, செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்திப் பார்க்கிறேன். சிவன்மலை உச்சி சரியாக உட்கார்ந்தால் ஊர்ப்பக்கம் விலகுகிறது. சாலைகளை அகலப்படுத்தி நேராக்கிவிட்டதால் அவற்றை நம்ப முடியவில்லை. மாறாத அடையாளம் வேண்டும்: பழைய கோயில், குளத்து மதகு, கிளுவை வேலிக்கு நடுவே போகும் இட்டேரி. படியூர்க்காரர்கள் அப்படி இரண்டு மூன்று இடம் சொன்னால் போதும்.

அப்புறம், உங்கள் காட்டில் உழும்போது வெங்கச்சாங்கல் (வெள்ளைக் குவார்ட்ஸ் கல்) குவியலாக வருகிறதா? வரப்போரம் கொட்டி வைத்திருக்கிறீர்களா? பச்சைக்கல் அந்த மாதிரிப் பாறையோடுதான் வரும், அதனால் அதுவே நல்ல துப்பு. பெரியவர்களிடமும் கேட்டுச் சொல்லுங்கள். மூடிய குழியை ‘இது அந்தக் காலத்துப் பள்ளம்’ என்று காட்ட இன்னும் யாராவது இருப்பார்கள்.

பழைய கிராம வரைபடமோ புலப்படமோ வீட்டில் இருந்தால், மடிப்பை விரித்து வெயிலில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். ஓரத்தில் உள்ள அளவுகோலும் விழட்டும்.