பழைய ராலே சைக்கிளில் மூன்று கியர் ஹப்போடு டிரெய்லியரும் (செயினைப் பல்சக்கரம் மாற்றிவிடும் கருவி) சேர்க்கலாமா?

லிந்தாங் ரோட்
வணக்கம். சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். தாத்தா தோட்டத்தில் கிராணியாக இருந்த காலத்தில் வாங்கிய ராலே இப்போது என்னிடம். 26 அங்குலச் சக்கரம், முன்னால் 46 பல், பின்னால் 18. பின் ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) ஸ்டர்மி ஆர்ச்சர் ஏடபிள்யூ, மூன்று கியரும் அதற்குள்ளேயே. அதன் ஓட்டில் 56 என்று அடித்திருக்கிறது, மெர்டேக்காவுக்கு (சுதந்திரத்துக்கு) முந்தைய ஆண்டுச் சரக்கு.

ஞாயிறு காலையில் லிந்தாங் பக்கம் செம்பனைக் காட்டுக்குள் போவது வழக்கம். சமதரையில் வண்டி பறக்கிறது. செம்மண் மேட்டில் ஒன்றாவது கியரிலும் எழுந்து நின்று மிதிக்க வேண்டியிருக்கிறது. பின்னால் 18, 22 என இரண்டு பல்சக்கரம் போட்டு டிரெய்லியர் மாட்டினால் ஆறு கியர் ஆகிவிடும் அல்லவா?

பழைய இரும்பு
தம்பி, வேண்டாம். 18ஐக் கழற்று, 22ஐப் போடு, செயினில் இரண்டு கண்ணி சேர். வேலை முடிந்தது.

கணக்கைப் பார். சக்கர அங்குலத்தை முன்பல்லால் பெருக்கிப் பின்பல்லால் வகுத்தால் இரண்டாவது கியரின் அளவு; எண் குறைந்தால் மிதிப்பது லேசு. ஏடபிள்யூவில் ஒன்றாவது அதில் முக்கால், மூன்றாவது அதைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல். உன் வண்டி இப்போது 50, 66, 88. அந்த 88ஐ வைத்துக்கொண்டு தோட்டத்துக்குள் என்ன செய்யப் போகிறாய்? 22 போட்டால் 41, 54, 72. டிரெய்லியரும் இல்லை, கூடுதல் கேபிளும் இல்லை.

இன்னொன்று. எழுந்து நின்று மிதிக்கிறேன் என்கிறாய். ஏடபிள்யூவில் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே எந்தக் கியரும் பிடிக்காத ஓர் இடம் உண்டு. கேபிள் தளர்ந்திருந்தால் கால் சட்டென்று வெறுமனே சுழலும், நீ நேராகக் கம்பியில் உட்காருவாய். இரண்டாவது கியரில் வைத்து வலப்பக்க நட்டின் ஓட்டை வழியாகப் பார். குட்டிச் சங்கிலி மாட்டியிருக்கும் அந்த ஊசியின் முனை அச்சின் முனையோடு சமமாக நிற்க வேண்டும். முதலில் அதைச் சரிசெய்.

மூனு கியர்
இரும்பு அண்ணே, ஏதோ புதுப் பைத்தியக்காரத்தனம் போலப் பேசுகிறீர்கள். பர்மிங்காமின் சைக்ளோ கம்பெனி ஸ்டர்மி ஹப்பில் மாட்டவே இரட்டை, மூன்றடுக்குப் பல்சக்கரங்கள் செய்து விற்றது. பிராம்ப்டனின் ஆறு கியர் வண்டியைத் திறந்து பாருங்கள், மூன்று கியர் ஹப், வெளியே இரண்டு பல்சக்கரம்.

அவர் வீட்டிலிருந்து காடு வரைக்கும் தார் ரோடு. 88ஐப் பிடுங்கிவிட்டால் லோரிகளுக்கு நடுவே கோழி போலக் காலைச் சுழற்ற வேண்டியதுதான்.

பழைய இரும்பு
பிராம்ப்டனை இழுக்காதே. அந்த ஹப்பின் கியர்களுக்கு இடையே 56 விழுக்காடு தாவல். நடுவில் பள்ளம் இருப்பதால்தான் இரண்டு பல்சக்கரம் வைத்து நிரப்புகிறார்கள். ஏடபிள்யூவில் தாவல் 33தான்.

18, 22 போட்டால் கிடைப்பது 41, 50, 54, 66, 72, 88. இதில் 50க்கும் 54க்கும் என்ன வித்தியாசம்? 66க்கும் 72க்கும்? காலுக்கே தெரியாது. பேருக்கு ஆறு, உபயோகத்துக்கு நான்கு.

மூனு கியர்
அது 22இன் குற்றம், யோசனையின் குற்றம் இல்லை. 21 போடுங்கள். 43, 50, 57, 66, 76, 88. ஒவ்வொரு தாவலும் 14இலிருந்து 17 விழுக்காட்டுக்குள். ஏடபிள்யூவின் படியைக் கிட்டத்தட்டப் பாதியாக வெட்டுகிறது இந்த 18க்கு 21. இதைவிட அழகான கணக்கு எங்கே கிடைக்கும்?

பழைய இரும்பு
காகிதத்தில் அழகுதான். 50இலிருந்து 57க்குப் போகச் செயினை 21க்கு மாற்றி, ஹப்பை இரண்டுக்குத் தள்ள வேண்டும். 57இலிருந்து 66க்குச் செயின் மட்டும். அடுத்த படிக்கு மறுபடி இரண்டும். மேட்டில் மூச்சு வாங்கும்போது யார் இதை யோசிப்பார்கள்? அதுவும் அவருக்கு வேண்டியது அடியில் ஒரு லேசான கியர். 43 போதுமா?

டுரியான் மூலை
இதில் 24ஐ ஏன் யாரும் பேசவில்லை? 24இல் முக்கால் பங்குதான் 18. அதனால் 24இன் இரண்டாவது கியரும் 18இன் ஒன்றாவதும் ஒரே 50, 24இன் மூன்றாவதும் 18இன் இரண்டாவதும் ஒரே 66. மொத்தம் 37, 50, 66, 88 என்று நான்கு கியர். மாற்றுவதும் எளிது: ரோட்டில் 18இலேயே இருங்கள், மேடு தெரிந்ததும் 24க்கு ஒரு தட்டு. ஆறு கியர் என்ற பெருமை போகும், முட்டி மிஞ்சும்.

பழைய இரும்பு
46க்கு 24 என்றால் விகிதம் இரண்டுக்குக் கீழே. பின்பல் பெரிதாகப் பெரிதாக ஹப்புக்குள் போகும் முறுக்கு விசையும் கூடும். அறுபது எழுபது வயதான பல்லும், அதைப் பிடிக்கும் நாக்கும் அவை. ஆள் எழுந்து நின்று வேறு மிதிக்கிறார்.

டுரியான் மூலை
37இல் எழுந்து நிற்கவே வேண்டியிருக்காது அண்ணே, அதுதானே விஷயம்.

மூனு கியர்
சரி, கணக்கை விடுங்கள், மாட்டுவதைப் பற்றிச் சொல்கிறேன்.

1950களின் தொடக்கத்துக்குப் பிறகு வந்த ஏடபிள்யூவில் பல்சக்கரம் மூன்று பள்ளங்களில் உட்காரும், மேலே ஒரு வட்டக் கம்பி பிடித்திருக்கும். உங்களுடையது 56, அதனால் இந்த வகைதான். ஷிமானோ நெக்சஸின் மூன்று காது பல்சக்கரங்களும் இதில் உட்காரும். கம்பியை ஸ்க்ரூடிரைவரால் நெம்பும்போது இன்னொரு கையால் துணி போட்டு மூடிக்கொள்ளுங்கள், துள்ளிப் போனால் தேடிக் கிடைக்காது. உள்ளே இருக்கும் வாசர்களை எடுத்துவிட்டு, குழிந்த பல்சக்கரம் இரண்டை முதுகோடு முதுகாக வைத்தால் இடம் போதும்.

செயின்தான் சிக்கல். ராலேயின் முன் பல்சக்கரம் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு அகலச் செயினுக்கானது. இப்போதைய டிரெய்லியர் செயின் அதைவிட ஒடுங்கியது, அந்தப் பல்லில் இறங்கவே இறங்காது. கொக்கு உருவம் வெட்டிய அந்த முன் பல்சக்கரத்தை மாற்ற மனசு வராது. அதனால் அகலச் செயினையே வைத்து, அது நுழையும் பழைய டிரெய்லியர் தேடுங்கள். இரண்டு பல்சக்கரத்துக்கு அது போதும்.

பழைய இரும்பு
டிரெய்லியரை எங்கே தொங்கவிடுவாய்? அந்தச் சட்டத்தில் அதை மாட்டும் காது கிடையாது. நட்டுக்குக் கீழே ஒரு தகடு வைக்க வேண்டும். இப்படி மாட்டுகிறவர்கள் தகட்டுக்கு இடம் பண்ண, கொம்பு வைத்த வாசரைக் கழற்றிவிடுவார்கள். அச்சைத் திரும்பாமல் பிடிப்பதே அந்த வாசர்தான். அது இல்லாவிட்டால் அச்சு சுழன்று சட்டத்தின் வாயையே அகலப்படுத்திவிடும்.

மூனு கியர்
இதில் அண்ணன் சொல்வது சரி. அந்த வாசர் இருந்தே தீர வேண்டும். அச்சில் இரண்டு நீளம் உண்டு, ஐந்தே முக்கால் அங்குலம், ஆறே கால் அங்குலம். உங்களுடையது நீளமானது என்றால் தகடும் வாசரும் இரண்டும் நிற்கும். குட்டையானது என்றால் அச்சையே மாற்றுங்கள், அல்லது அண்ணன் வழிக்கே போங்கள்.

சாலாக் அக்கா
எல்லாரும் ஏறுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். ஏறினவர் இறங்கணுமே? குரோம் பூசிய இரும்பு ரிம்மில் மழை பட்டால் பிரேக் பிடிக்கிறதா வழுக்குகிறதா என்றே தெரியாது. நம் ஊரில் எந்த மத்தியானம் மழை இல்லை?

முன் சக்கரத்துக்கு மட்டும் அலுமினிய ரிம் போடுங்கள். பழைய இங்கிலாந்து வண்டிகளில் முன்னால் 32 ஆரக்கம்பி, பின்னால் 40. 32க்கு ரிம் கிடைப்பது சுலபம், 40க்குத்தான் அலைய வேண்டும். நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான்.

அப்புறம் சகதி. செம்மண் சேறு டிரெய்லியரின் குட்டிச் சக்கரங்களில் அப்பிக்கொண்டால் செயின் குச்சி மாதிரி விறைத்துவிடும். ஹப் கியருக்கு அந்தத் தொல்லை இல்லை, ஓட்டில் இருக்கும் மூடியைத் திறந்து லேசான எண்ணெய் கொஞ்சம் விட்டால் போதும். கெட்டியான எண்ணெய் விடாதீர்கள், உள்ளே நாக்குகள் ஒட்டிக்கொள்ளும்.

லிந்தாங் ரோட்
அளந்து பார்த்தேன், அச்சு ஆறே கால். முன் ரிம்மை முதலில் மாற்றுகிறேன், அக்கா சொன்னது பயமாகத்தான் இருக்கிறது. பின்னால் 18ஓடு 24. சட்டத்தில் எங்கேயும் ஓட்டை போட மாட்டேன், பற்றவைக்கவும் மாட்டேன்.

மூனு கியர்
21 போட்டிருக்கலாம்.

பழைய இரும்பு
22 ஒன்றே போதும் என்று இப்போதும் சொல்கிறேன். செய்வதென்றால் பழைய 18ஐயும் வாசர்களையும் ஒரு டின்னில் போட்டு வை. அடுத்த பாசிக்கால் துவா (பழைய சைக்கிள்) ஊர்வலத்துக்கு வண்டியைப் பழையபடி ஆக்கணும் என்று நீயே வந்து நிற்பாய்.

லிந்தாங் ரோட்
டின் ஏற்கனவே எடுத்து வைத்துவிட்டேன் அண்ணே. அகலச் செயின் நுழையும் டிரெய்லியர் ஈப்போ பக்கம் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.