வெஸ்டர்ன் படத் துப்பாக்கிகள்: ‘ப்ராப் கன்’னுக்குத் தமிழில் என்ன சொல்?

பொருள்: [கலைச்சொல்] ஆயுதப் பகுதி, முதல் வரைவு
எழுதியவர்: தி.

அன்பர்களே, வணக்கம்.

திரைத்தொழில் பட்டியலில் ஒளி, ஒலி, ஒப்பனை மூன்றும் முடிந்தன. ஆயுதப் பகுதி மட்டும் கிடக்கிறது. எடுத்துக்காட்டுகளை அமெரிக்க வெஸ்டர்ன் (கௌபாய்) படங்களிலிருந்தே எடுத்திருக்கிறேன். அங்கே எல்லா வகையும் ஒரே இடத்தில் அகப்படுகின்றன.

ப்ராப் கன் – போலித் துப்பாக்கி
பிளாங்க் – வெற்றுத்தோட்டா
டம்மி ரவுண்ட் – போலித் தோட்டா
ரெப்ளிகா – நகல் துப்பாக்கி
கோல்ட் கன் – ?

கடைசிச் சொல்தான் உதைக்கிறது. நடிகரிடம் கொடுக்குமுன் ‘இதில் மருந்து இல்லை’ என்று அறிவிக்கும் குரல் அது. ‘குளிர்ந்த துப்பாக்கி’ என்று போட்டால் ஆறிப்போன காபி போல இருக்கிறது. ஒலிபெயர்க்கலாமென்றால், தமிழெழுத்தில் அந்தத் துப்பாக்கிக் கம்பெனியும் கோல்ட், குளிரும் கோல்ட், தங்கமும் கோல்ட்.

அன்புடன்,
தி.

———

மறுமொழி: கு.

தி. அண்ணா,

> ப்ராப் கன் – போலித் துப்பாக்கி

முதலில் இந்த வரியை எடுத்துவிடுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

வெஸ்டர்ன் படங்களில் அதிகம் தென்படுவது 1873-இல் வந்த கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி ரிவால்வர். அதையும் இன்றைய தானியங்கிப் பிஸ்டலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தானியங்கி, சுட்ட வேகத்தின் பின்னுதைப்பால்தான் அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்கிறது. பிளாங்கில் குண்டு கிடையாது, அழுத்தம் போதாது, பாதியில் சிக்கி நிற்கும். அதனால் குழலுக்குள் சிறுதுளை உள்ள அடைப்பு ஒன்றை வைத்து அழுத்தத்தைத் தேக்குகிறார்கள். அந்த அடைப்பு இருக்கும்வரை அதில் குண்டு சுட முடியாது.

சிங்கிள் ஆக்‌ஷனுக்கு இந்த வேலையே தேவையில்லை. கட்டைவிரலால் குதிரையை, அதாவது பின்னாலிருந்து தோட்டாவைத் தட்டும் உறுப்பை, இழுக்கிறோம், அந்த இழுப்பிலேயே உருளை ஓர் அறை திரும்புகிறது, விசையை அமுக்கினால் குதிரை விழுகிறது. உள்ளே பிளாங்க் இருந்தாலும் உண்மைத் தோட்டா இருந்தாலும் அதற்கு ஒன்றுதான். லீவரை இறக்கி ஏற்றும் வின்செஸ்டர் ரைபிளும் அப்படியே. ஆகவே காலத்தால் பழைய துப்பாக்கிதான் படப்பிடிப்பில் கூடுதல் ஆபத்து. எந்த மாற்றமும் இல்லாமல், கடையில் விற்ற நிலையிலேயே நடிகர் கைக்குப் போகிறது.

2021 அக்டோபர் 21 அன்று நியூ மெக்ஸிகோவில் சான்டா ஃபே அருகே ஒரு வெஸ்டர்ன் படத்தின் ஒத்திகையில் ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் குண்டு பாய்ந்து இறந்தார். சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மியைப் பார்த்து இத்தாலியின் பியெட்டா நிறுவனம் செய்த .45 ரிவால்வர் அது. உண்மைத் தோட்டா சுடும் முழுத் துப்பாக்கி. செய்திகளில் அதற்கும் ‘ப்ராப் கன்’ என்றே பெயர். அதைப் போலி என்று எழுதினால், போலி எப்படிச் சுட்டது என்று படிப்பவர் கேட்கத்தான் செய்வார்.

‘ப்ராப்’ என்பது காட்சியில் அதற்குள்ள வேலையைச் சொல்கிறதே ஒழிய அசலா இல்லையா என்பதைச் சொல்லவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் அசல் துப்பாக்கியும் ப்ராப்தான். இத்தாலியில் பிரெசியா வட்டாரத்தில் உபெர்ட்டி, பியெட்டா நிறுவனங்கள் செய்பவையும் ப்ராப்தான். குழலை அடைத்து வேட்டுக்கு மட்டும் விட்டது, ஸ்பெயினின் டெனிக்ஸ் துத்தநாகக் கலவையில் வார்த்து விற்கும் சுடாத உருவம், கம்பியை உள்ளே வைத்து ரப்பரில் ஊற்றியது, எல்லாம் அதே பெயரில்தான் உலவுகின்றன. குதிரையிலிருந்து விழும் காட்சிக்கு ரப்பர். இரும்பு என்றால் விழுபவரின் விலா போய்விடும். முகத்தருகே எடுக்கும் காட்சிக்கு இரும்பு. ரப்பரின் வார்ப்புக்கோடு கேமராவுக்குத் தெரிந்துவிடும்.

> ரெப்ளிகா – நகல் துப்பாக்கி

இதிலும் அதே வம்பு. உபெர்ட்டியின் ரெப்ளிகா சுடும், டெனிக்ஸின் ரெப்ளிகா சுடாது. ஆங்கிலத்தில் இருக்கிற குழப்பத்தை நாம் ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும்? முன்னதற்கு ‘மறுஆக்கம்’, பின்னதற்கு ‘உருவார்ப்பு’ என்று இரண்டாகப் பிரித்துவிடலாம்.

ப்ராப் கன்னுக்கு என் பரிந்துரை: தளத்துப்பாக்கி. படப்பிடிப்புத் தளத்தில் இருக்கும் துப்பாக்கி, அவ்வளவுதான். அசல், போலி என்று எதற்கும் வாக்குக் கொடுக்காத சொல்.

கு.

———

மறுமொழி: மா.

கு. தம்பி சொன்ன காரணம் சரி. சொல்லில்தான் சிக்கல். ‘தளத்துப்பாக்கி’யைத் ‘தளத்துப் பாக்கி’ என்று பிரித்துப் படித்தால் படப்பிடிப்பில் வராமல் நிற்கும் சம்பளம் ஆகிவிடும். பிரிமொழிச் சிலேடை காளமேகத்துக்கு அழகு, பாதுகாப்புக் கையேட்டுக்கு ஆகாது. ‘தளத் துப்பாக்கி’ என்று இடம் விட்டே எழுதுவோம். பட்டியலிலும் அப்படியே ஏற்றுங்கள்.

வெற்றுத்தோட்டாவில் எனக்கு மறுப்பில்லை. குண்டு இல்லாததால் வெற்று. இதைவிட என்ன வேண்டும்?

இன்னொன்று: வெஸ்டர்ன் பகுதியில் ‘காலவழு’, அதாவது கதை நடக்கும் காலத்துக்குப் பொருந்தாத பொருள், இல்லாமல் எப்படி? 1870களில் நடக்கும் கதைகளில் 1892 வின்செஸ்டர் வராத பழைய ஹாலிவுட் படங்கள் குறைவு. ஜான் பிரௌனிங் வடிவமைத்தது அது. 1873 வின்செஸ்டரின் பக்கவாட்டில் பெரிய தகடு ஒன்று தெரியும், 92-இல் அது கிடையாது. தெரிந்தவர் கண்ணுக்கு உடனே படும். 1860-இன் ஹென்றி ரைபிள் வேண்டுமென்றால் அதே 92-இல் குழலுக்குக் கீழுள்ள மரத்தைக் கழற்றிவிட்டு, உடல்பகுதிக்குப் பித்தளை நிறம் பூசிவிடுவார்கள். அசல் ஹென்றியில் தோட்டாவைக் குழலுக்குக் கீழுள்ள தோட்டாக் குழாயின் முன்பக்கமாகத்தான் போட முடியும். பக்கவாட்டு வாசல் 1866 மாடலில்தான் வந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861–65) கதையில் ஒருவர் பக்கவாட்டில் தோட்டா திணித்தால் அது காலவழு.

ஆனால் எல்லாம் அறியாமையில்லை. 92-கள் ஏராளமாகக் கிடைத்தன. ‘ஃபைவ்-இன்-ஒன்’ பிளாங்க் அதில் ஓடியது. .38-40, .44-40 ரைபிள்கள் இரண்டு, .38-40, .44-40, .45 கோல்ட் ரிவால்வர்கள் மூன்று, ஆக ஐந்துக்கும் ஒரே பிளாங்க். நூறு பேர் குதிரையில் வரும் காட்சிக்கு ஆளாளுக்கு வேறு தோட்டா எண்ணிக் கொடுக்கும் வேலை இல்லை. காரணம் தெரிந்தே ஏற்றுக்கொண்ட பிழைக்கு நம் இலக்கணம் வைத்த பெயர் வழுவமைதி. அதையும் சேர்த்துவிடுங்கள்: தெரியாமல் வந்தால் காலவழு, தெரிந்து விட்டால் காலவழுவமைதி. 1873 ஸ்பிரிங்ஃபீல்டு ராணுவ ரைபிளில் போலிச் சக்கிமுக்கிப் பூட்டு ஒன்றை மாட்டி 18-ஆம் நூற்றாண்டுத் துப்பாக்கி ஆக்கியதெல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். பின்புற மூடியைத் தூக்கிப் பிளாங்க் போட்டுவிடலாம், வாய்வழியாக மருந்து கிட்டிக்க வேண்டாம். மூடியின் கீல் மட்டும் காட்டிக்கொடுத்துவிடும்.

மா.

———

மறுமொழி: வ.

மா. ஐயா, கு. இருவருக்கும் வணக்கம்.

தோட்டாவின் உறுப்புகளுக்கும் சொல் தேவை. இலங்கையில் தோட்டாவை ‘ரவை’ என்பது இயல்பு, பாயும் பகுதியைச் ‘சன்னம்’ என்பதும் உண்டு. தமிழ்நாட்டவர் இரண்டுக்குமே ‘குண்டு’ என்று சொல்லி முடித்துவிடுகிறீர்கள். பட்டியலில் முழுப் பொதிக்குத் தோட்டா, முன்னால் பாய்வதற்குக் குண்டு என்று உறுதியாகப் பிரிக்க வேணும். இல்லையெண்டால் ‘குண்டு இல்லை’ என்பதற்கு ஆளுக்கொரு பொருள் வரும்.

ரவையைச் சேர்க்கச் சொல்லமாட்டேன், காரணம் வேடிக்கையானது. 1851 கோல்ட் நேவி, 1860 ஆர்மி போன்ற பழைய ரிவால்வர்களில் உலோகத் தோட்டா கிடையாது. ஒவ்வொரு அறைக்கும் கருமருந்து கொட்டி, ஈயக்குண்டை இருத்தி, பின்னாலுள்ள காம்பு போன்ற முனையில் கேப் (தட்டினால் வெடிக்கும் சிறு மூடி) மாட்ட வேணும். வேட்டு மட்டும் தேவையெண்டால் குண்டுக்குப் பதிலாக மருந்தின் மேல் கோதுமை ரவையைப் போட்டு அழுத்துவது அமெரிக்காவில் வழக்கம். மருந்து சிந்தாது, இறுகி நிற்பதால் வேட்டும் நன்றாகக் கேட்கும். ‘ரவை போட்டாச்சு’ என்று ஒருவர் சொன்னால் உப்புமா மாவா உயிர்க்கொல்லியா?

இவற்றில் வேறு தொல்லையும் உண்டு. சுட்டபின் கேப் சிதறி, துண்டு குதிரைக்கும் சட்டத்துக்கும் நடுவே விழும். உருளை திரும்பாது. குழலை மேல்நோக்கிப் பிடித்தபடி குதிரையை இழுத்தால் துண்டு வெளியே விழ வாய்ப்புக் கூட. கருமருந்தின் கசடு உருளையின் அச்சில் படிந்து இறுகும். அன்றைக்கே சுடுநீரும் சவர்க்காரமும் போட்டுக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசாவிட்டால் துரு ஏறும். புகை வேணுமென்பதற்காகத்தான் இவ்வளவு பாடும். புகையற்ற மருந்தில் 1860களின் காட்சி எடுபடாது.

வ.

———

மறுமொழி: கு.

> குண்டு இல்லாததால் வெற்று. இதைவிட என்ன வேண்டும்?

மா. ஐயா, குண்டுதான் இல்லை. மருந்து இருக்கிறதே! பிரைமர் (குதிரை தட்டியதும் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), மருந்து, வாயை அடைக்கும் அட்டையோ மடிப்போ, எல்லாம் உண்டு. முழு, அரை, கால் என்று மருந்தின் அளவில் மூன்று தரம். 1984-இல் ஒரு தொலைக்காட்சித் தொடரின் தளத்தில் நடிகர் ஜான்-எரிக் ஹெக்ஸம் பிளாங்க் போட்ட .44 மேக்னம் ரிவால்வரை நெற்றிப்பொட்டில் வைத்து விளையாட்டாக அமுக்கினார். குண்டே இல்லை. வெடித்த வாயுவும் அடைப்பும் மண்டையோட்டைப் பிளந்தன, சில நாளில் இறந்தார். ‘வெற்று’ என்று பெயர் வைத்தால் அடுத்தவரும் அதைத்தான் செய்வார். வெத்துவேட்டு என்று நாம் திட்டுவது சத்தம் மட்டும் போடுகிற ஆளை. பிளாங்க் அந்த ஆளில்லை.

உண்மையில் வெற்று எது என்றால் டம்மிதான். ரிவால்வரை நேர் எதிரே நின்று படமெடுத்தால் உருளையின் அறைகளில் குண்டின் மூக்குகள் தெரிய வேண்டும். பிளாங்கில் மூக்கில்லை, எனவே டம்மி. கச்சையில் வரிசையாகச் செருகி நிற்பதும் டம்மி. பார்வைக்கு முழுத்தோட்டா, உள்ளே மருந்து கிடையாது. ஆகவே பிளாங்குக்கு ‘வேட்டுத்தோட்டா’, டம்மிக்குக் ‘காட்சித்தோட்டா’. ஒன்று கேட்பதற்கு, மற்றது பார்ப்பதற்கு. ‘வெற்று’வும் ‘வேட்டு’வும் ஒரே பட்டியலில் இருக்கவே கூடாது, காற்றடிக்கும் வெட்டவெளியில் தூரத்திலிருந்து கத்தினால் இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கும்.

காட்சித்தோட்டா பதிவில் ஒரு குறிப்பு கட்டாயம் வேண்டும். உண்மைத் தோட்டாவின் குண்டைப் பிடுங்கி, மருந்தைக் கொட்டிவிட்டு, குண்டைத் திரும்பச் செருகினால் அது காட்சித்தோட்டா ஆகாது. பிரைமர் உயிரோடு இருக்கிறது. 1993-இல் படப்பிடிப்பில் நடிகர் பிராண்டன் லீ குண்டு பாய்ந்து இறந்தது இப்படித்தான். பிரைமரின் சிறு வெடி குண்டைக் குழலுக்குள் தள்ளியது, அது அங்கேயே சிக்கி நின்றது. பிறகு வேறொரு காட்சிக்கு அதே ரிவால்வரில் பிளாங்க் போட்டார்கள். சிக்கிய குண்டு, பின்னால் முழு மருந்து: இரண்டும் சேர்ந்தால் அது உண்மைத் தோட்டா. ஒழுங்காகச் செய்த காட்சித்தோட்டாவில் பிரைமரே இருக்காது, அல்லது ஏற்கெனவே வெடித்து அமுங்கியிருக்கும். பித்தளை உறையின் பக்கவாட்டில் துளை போட்டிருப்பார்கள், அல்லது உள்ளே சிறு இரும்புமணி கிடந்து குலுக்கினால் சலசலக்கும்.

இனி தி. அண்ணாவின் கேள்விக்குறிக்கு வருகிறேன். சிங்கிள் ஆக்‌ஷனின் உருளை வெளியே சாயாது, ஒரே பார்வையில் ஆறையும் பார்க்க முடியாது. குதிரையை அரைநிலைக்கு இழுத்து, வலப்பக்கம் உருளைக்குப் பின்னாலுள்ள சிறு கதவைத் திறந்து, உருளையைக் கையால் ஒவ்வோர் அறையாகத் திருப்ப வேண்டும். ஆறு ‘கிளிக்’, ஆறு அறை. காட்சித்தோட்டா இருந்தால் தள்ளுகோலால் ஒவ்வொன்றையும் வெளியே எடுத்து, துளையைப் பார்த்து, காதருகே குலுக்கித் திரும்பப் போட வேண்டும். மூன்றைப் பார்த்துவிட்டு மற்றதும் அப்படித்தான் என்று கதவைச் சாத்துவதில்தான் விபத்து இருக்கிறது. நியூ மெக்ஸிகோ தளத்தில் கச்சைகளிலும் உண்மைத் தோட்டா கலந்து கிடந்தது. தோட்டாவை எண்ணுவதோடு நிறுத்தாமல் ஒவ்வொன்றாகக் குலுக்கியிருந்தால் அகப்பட்டிருக்கும். முடிவில் குழலுக்குள் விளக்கடித்து ஊடாகப் பார்ப்பது. லீயை நோக்கிச் சுட்ட ரிவால்வரில் விடுபட்டது இதுதான்.

எனவே ஒரே அறிவிப்பு போதாது. ஆங்கிலத்தில் ‘கோல்ட்’ என்றால் காலி என்றும் கொள்ளலாம், காட்சித்தோட்டா இருக்கிறது என்றும் கொள்ளலாம். நாம் மூன்றாக்குவோம்: ‘காலி’, ‘காட்சி’, ‘வேட்டு’. உள்ளே ஒன்றுமில்லை, காட்சித்தோட்டா ஆறு, வேட்டுத்தோட்டா இத்தனை. கொடுப்பவர் சொல்வார், வாங்குபவர் பார்த்துவிட்டுத் திருப்பிச் சொல்வார்.

கு.

———

மறுமொழி: மா.

வேட்டுத்தோட்டாவை ஏற்கிறேன். கோயில் வேட்டைக் கேட்டு வளர்ந்தவருக்கு அதில் மருந்துண்டு என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் ‘காலி’, ‘காட்சி’ இரண்டும் ‘கா’வில் தொடங்கி ‘இ’யில் முடிகின்றன. காற்றில் கத்தும் வாதத்தை நீங்களே வைத்தீர்கள், இதற்கும் அது பொருந்தும். காலிக்குப் பதில் ‘வெறுமை’ எப்படி?

மா.

———

மறுமொழி: கு.

> காலிக்குப் பதில் ‘வெறுமை’ எப்படி?

ஏற்கிறேன் ஐயா. வேட்டோடு ஒட்டாத ஒலிதான்.

கு.

———

மறுமொழி: தி.

திருத்திய வரைவு:

ப்ராப் கன் – தளத் துப்பாக்கி (இடம் விட்டு)
சுடும் ரெப்ளிகா – மறுஆக்கம்
சுடாத ரெப்ளிகா – உருவார்ப்பு
பிளாங்க் – வேட்டுத்தோட்டா. தோட்டா இல்லாத பழைய ரிவால்வருக்கு ‘வேட்டுநிரப்பு’
டம்மி ரவுண்ட் – காட்சித்தோட்டா
அறிவிப்புகள் – வெறுமை, காட்சி, வேட்டு
காலவழு, காலவழுவமைதி – மா. ஐயா சொன்னபடி

வ. சொன்ன தோட்டா, குண்டு பிரிவை முகப்புக் குறிப்பில் போடுகிறேன். வேட்டுத்தோட்டாவின் கீழ் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: எதிராளியை நேராகக் குறிவைக்காமல் சற்று விலக்கிப் பிடிப்பது, விலகல் தெரியாத கோணத்தில் கேமராவை வைப்பது.

மீதி இருப்பது குதிரை. ‘குதிரை’ பழைய நல்ல சொல், அகராதியிலும் உண்டு. ‘சுத்தியல்’ என்று எழுத மனம் வரவில்லை. ஆனால் சிலர் விசையையே குதிரை என்று எழுதுகிறார்கள். அது போதாதென்று இது வெஸ்டர்ன் பகுதி: ‘குதிரையில் அமர்ந்தபடி குதிரையை இழுத்து’ என்று ஒரு விளக்கம் எழுதிவிட்டு அடித்துவிட்டேன். ‘அடிகுதிரை’ என்று போடலாமா? ஞாயிறுக்குள் சொல்லுங்கள்.

தி.