அமெரிக்காவுக்கு நாட்டு விதை தபால்ல அனுப்ப முடியுமா?

காரிமங்கலத்துக்காரி:
வணக்கம்ங்க. அக்கா டல்லாஸ்ல இருக்காங்க, போன வருஷம் வீடு வாங்கினாங்க, வீட்டுக்குப் பின்னாடி கொஞ்சம் எடம் இருக்கு. அதுலேர்ந்து தெனமும் அம்மாவ போன்ல புடிச்சி நம்ம பந்தல் அவரை வேணும், சொரக்கா வேணும், தண்டுக்கீரை வேணும்னு ஒரே நச்சு. அம்மாவும் அவரைக்கு செம்மண் கட்டி காய வச்சி, சொரை விதைய வறட்டியில பதிச்சி, சட்டி நெறைய ரெடி பண்ணிட்டாங்க. இங்க ஒரு கூரியர் கடையில கேட்டா "விதைன்னு சொல்லாதீங்க, துணின்னு எழுதி நடுவுல வச்சிடலாம்"ங்கறார். எனக்கு பயமா இருக்கு, புடிச்சா அக்கா பேர்லதானே வரும்? யாராவது முறையா அனுப்பியிருந்தா சொல்லுங்க.

ஓசூர் மாடித்தோட்டம்:
துணின்னு எழுதற வேலையே வேணாம் தங்கச்சி. என் தம்பிக்கு ரெண்டு தடவை முறையா அனுப்பியிருக்கேன், நீங்க நெனைக்கற அளவுக்கு கஷ்டம் இல்ல, ஆனா வேலை ஆரம்பிக்க வேண்டியது அங்க, இங்க இல்ல. அமெரிக்க விவசாயத் துறைல ஏஃபிஸ்னு ஒரு பிரிவு இருக்கு, அதுல கொஞ்சமா விதை வரவழைக்கறதுக்குன்னே ஒரு பெர்மிட் தராங்க, பிபிகியூ 587னு பேரு. அதுல "சிறிய அளவு விதை"ன்னு வர்றத அக்கா அவங்க பேர்ல ஆன்லைன்ல போடணும். பெர்மிட்டோட லேபிளும் வரும், அத உங்களுக்கு மெயில்ல அனுப்புவாங்க, நீங்க பிரின்ட் எடுத்து பார்சல் மேல ஒட்டணும். பார்சல் நேரா அக்கா வீட்டுக்கு போகாது, அங்க உள்ள செடி பரிசோதனை நிலையத்துக்கு போகும், அவங்க பாத்துட்டுதான் அனுப்புவாங்க.

ஒரு பாக்கெட்ல 50 விதை இல்லன்னா 10 கிராம், ஒரு பார்சல்ல 50 பாக்கெட், அவ்ளோதான். அதுக்குள்ள இருந்தா நம்ம ஊர் ஃபைட்டோசானிட்டரி சர்ட்டிஃபிகேட், அதாவது விதைல நோய் பூச்சி இல்லன்னு அரசாங்கம் தர்ற சான்று, கேக்கமாட்டாங்க. அதுக்கு மேல போனா பெங்களூரோ சென்னையோ போய் பயிர் குவாரன்டைன் ஆபீஸ்ல வாங்கணும், வீட்டுத் தோட்டத்துக்கு அது எதுக்கு? 50 அவரை வெதைய போட்டா அக்கா தெருவுக்கே பந்தல் போடலாம். ஒவ்வொரு பாக்கெட் மேலயும் தாவரவியல் பேரு, இந்தியான்னு எழுதணும். அவரைன்னா லேப்லாப் பர்பூரியஸ், சொரைன்னா லேஜனேரியா சைசெராரியா. தண்டுக்கீரை அமராந்தஸ்.

முக்கியமானது, அம்மாகிட்ட மெதுவா சொல்லுங்க, அந்த செம்மண் ஆகவே ஆகாது. மண்ணு ஒரு துளி ஒட்டியிருந்தாலும் பார்சல் போச்சு. வறட்டியும் அப்படியேதான். பூச்சி மருந்து கலந்த விதையும் ஆகாது.

அஞ்செட்டி ரோடு:
50 அவரைக்கு இவ்ளோ கூத்தா? எங்க மாமியார் புடவைக்குள்ள சுத்தி நாலு தடவை கொண்டு போனாங்க, ஒருத்தன் கேக்கல.

ஓசூர் மாடித்தோட்டம்:
கேக்காத வரைக்கும் சரிதான். கேட்டா "இல்ல"ன்னு எழுதிக் குடுத்ததுக்கு அபராதம். நியூசிலாந்துல எல்லாம் மறந்து ஒரு பழம் பையில இருந்தாலே அவங்க ஊர் காசுல 400 டாலர். ஏன் இவ்ளோ கெடுபிடின்னு கேக்கறீங்களா, நீங்க அஞ்செட்டிக்காரரு, காட்டுக்குள்ள போய் பாருங்க, உண்ணிச்செடி இல்லாத எடம் எங்க இருக்கு? அழகுக்குன்னு வெள்ளைக்காரன் கொண்டாந்த செடிதான் அது. இப்ப மாடு மேய எடமில்ல. 2020ல அமெரிக்காவுல யாரும் ஆர்டர் போடாம சீனாவுலேர்ந்து விதை பாக்கெட்டா வீடு வீடா வந்துச்சு, அதுலேர்ந்து தபால்ல விதைன்னாலே அவங்களுக்கு ஒரு கண்ணு.

பென்னாகரம் பெருசு:
பெர்மிட் கதை நல்லா சொன்னார். நான் வேற ஒண்ணு சொல்றேன்மா. அந்த பந்தல் அவரை பகல் பொழுது சுருங்கினாதான் பூக்கும். அதனாலதான் நாம ஆடியில ஊனினா கார்த்திகை மார்கழில காய் கொட்டுது, சித்திரைல ஊனினா கொடி மட்டும் வளந்து ஏமாத்தும். டல்லாஸ்ல கோடைல பகல் 14 மணி நேரத்துக்கு மேல, செப்டம்பர் அக்டோபர் வரைக்கும் கொடி சும்மா ஏறிகிட்டே இருக்கும், பூ வந்து காய் புடிக்கற நேரத்துல நவம்பர்ல பனி வந்து கருக்கிடும். ஒரு மாசம் பறிக்கலாம், அவ்வளவுதான். இன்னும் வடக்க இருக்கற ஊருன்னா அதுவும் இல்ல, எலதான். அதனால கொடி அவரை 20 வெதை, கூட செடி அவரை 30 வெதைன்னு தனித்தனி பாக்கெட்டா போடுங்க, செடி அவரைல பொழுத பாக்காம காய்க்கற ரகம் இருக்கு. சொரை, கீரை பிரச்சன இல்ல, வெயில் இருந்தா போதும்.

தக்காளி மிளகாய் வெதை அனுப்பாதீங்க. பாலக்கோட்டு தக்காளின்னு ஆசையா கேப்பாங்க, ஆனா பழத்த சுருக்கி கெடுக்கற ஒரு வைரசுக்காக 2019லேர்ந்து அமெரிக்காவுல அது ரெண்டுக்கும் தனி கட்டுப்பாடு.

காரிமங்கலத்துக்காரி:
ரொம்ப நன்றிங்க அண்ணா, ஐயா. அம்மாகிட்ட செம்மண் ஆகாதுன்னு சொன்னதும் "மண்ணு இல்லாம வெதை எப்படிடி பூச்சி அரிக்காம இருக்கும், அமெரிக்காக்காரனுக்கு என்ன தெரியும்"னு ஒரு மணி நேரம் பேச்சு. மண்ணு கட்டினத தண்ணில ஊற வச்சி கழுவலாமா?

பென்னாகரம் பெருசு:
ஐயோ வேணாம்மா, ஊறினா மொளச்சிடும். அது நம்ம வீட்டுக்கே இருக்கட்டும், ஆடிக்கு ஊனிக்கங்க. கட்டாத வெதை மூட்டைல மிச்சம் இருக்கும் பாரு, அதுல ஓட்டை இல்லாததா பொறுக்கி எடுத்து நாலு நாள் நெழல்ல காய வச்சி போடுங்க.

காரிமங்கலத்துக்காரி:
இருக்குங்க ஐயா, அரைப்படி தனியா எடுத்து வச்சிருக்காங்க. குழம்புக்குன்னு.

ஓசூர் மாடித்தோட்டம்:
குழம்ப ஒரு வாரம் தள்ளி வைங்க. அக்காவ முதல்ல பெர்மிட்டுக்கு போட சொல்லுங்க, அதுக்கே கொஞ்ச நாள் ஆகும். தபால்ல போடறப்ப கஸ்டம்ஸ் ஃபாரத்துல விதைன்னே எழுதுங்க.